கர்த்தருடைய அதிகாரமா, மனிதருடைய அதட்டலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடம் நடக்கும்போது யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. ஜெபித்து முடித்து, நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போதுதான் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, “ஒண்ணு கேட்கலாமா?” என்று ஆரம்பிப்பார். அப்படி நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். நான் போதகர் இல்லை. பல வருடங்களாக வேதபாடம் நடத்துகிற சாதாரண சபை அங்கத்தினன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன், எனக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

தேவனுடைய அதிகாரம், தேவனுடைய வல்லமை: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. வல்லமைக்குத் துனாமிஸ், அதிகாரத்துக்கு எக்சூசியா. முதலாவது பலத்தைச் சொல்கிறது. இரண்டாவது உரிமையைச் சொல்கிறது.

பூட்டை உடைத்து வீட்டுக்குள் வந்த திருடனுக்குப் பலம் உண்டு, உரிமை இல்லை. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிற வீட்டுக்காரருக்கு அந்த நேரத்தில் உள்ளே வர வழியில்லை, ஆனாலும் வீடு அவருடையதுதான். “இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்” (வெளிப்படுத்தல் 3:20) என்ற வசனத்தை நாம் சுவிசேஷக் கூட்டங்களில் அவிசுவாசிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்டது. வீட்டுக்காரரே வெளியே நின்று தட்டுகிறார். கதவை உடைக்க அவருக்குப் பலம் இல்லாமலா?

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘அதிகாரம்’ என்றதும் நமக்கு ‘அதிகாரி’ ஞாபகத்துக்கு வருகிறார். மேஜை, முத்திரை, காத்திருக்கும் வரிசை எல்லாம் கூடவே வருகின்றன. ஏசாயா 9:6-ஐ வாசித்துப் பாருங்கள்: “கர்த்தத்துவம் அவர் தோளின்மேலிருக்கும்.” ஆளுகை நாற்காலியின்மேல் இருக்கும் என்று சொல்லவில்லை, தோளின்மேல் என்கிறது. சுமை ஏற்றுகிற இடம் அது. காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்த மேய்ப்பன் அதைப் போட்டுக்கொண்டு வந்ததும் தோளின்மேல்தான் (லூக்கா 15:5).

சரி, அதை அடையாளம் காண்பது எப்படி?

மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில் வருகிற நூற்றுக்கு அதிபதியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. (வேதாகமத்தின் பகுதிகளையும் நாம் ‘அதிகாரம்’ என்றே சொல்கிறோம், குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல.) அவன் ரோம ராணுவத்தில் இருப்பவன். பதவியின் பெயரில் நூறு இருந்தாலும், நடைமுறையில் அவனுக்குக் கீழே ஏறக்குறைய 80 வீரர்கள் இருந்திருப்பார்கள். அவனுடைய வேலைக்காரன் திமிர்வாதமாய்க் கிடக்கிறான். இயேசு வருகிறேன் என்கிறார். வர வேண்டாம், “ஒரு வார்த்தைமாத்திரம் சொல்லும்” என்கிறான் அவன்.

அதற்கு அவன் சொன்ன காரணத்தைப் பல வருடங்கள் நான் தவறாகவே வாசித்திருக்கிறேன். “எனக்குக் கீழே வீரர்கள் இருக்கிறார்கள், நான் சொன்னால் நடக்கிறது, அதேபோல நீர் சொன்னாலும் நடக்கும்” என்று அவன் சொன்னதாக நினைத்திருந்தேன். வசனம் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது: “நான் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவனாயிருந்தும், எனக்குக் கீழ்ப்பட்டிருக்கிற சேவகருமுண்டு.” தனக்குக் கீழே இருப்பவர்களைச் சொல்வதற்கு முன்பே தனக்கு மேலே இருப்பதைச் சொல்லிவிடுகிறான். அவன் ‘போ’ என்றால் வீரன் போவது அவனுடைய குரலுக்காக அல்ல. அந்தக் குரலுக்குப் பின்னால் இராயன், அதாவது ரோமப் பேரரசன், நிற்கிறான். இராயனுக்கு அவன் கீழ்ப்படிய மறுத்த நிமிஷமே அவனுடைய ‘போ’வுக்கு மதிப்பு போய்விடும். இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள் தினமும் வாழ்கிறவன் ஆனதால், இயேசு பிதாவுக்குக் கீழ்ப்பட்டிருப்பதை அவனால் பார்த்த மாத்திரத்தில் உணர முடிந்தது.

இயேசு ஆச்சரியப்பட்டார் என்று சுவிசேஷங்கள் இரண்டு சந்தர்ப்பங்களில்தான் சொல்கின்றன. ஒன்று இங்கே. மற்றது சொந்த ஊராரின் அவிசுவாசத்தைக் கண்டபோது (மாற்கு 6:6). அவரோடு வளர்ந்தவர்களுக்குத் தெரியாதது ஒரு அந்நிய ராணுவக்காரனுக்குத் தெரிந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன். யாராவது என்மேல் அதிகாரம் செலுத்தினால், ‘இவர் எதற்குக் கீழே இருக்கிறார்?’ என்று பார்ப்பேன். எதற்கும் கீழே இல்லாதவருடைய அதிகாரம் தேவனிடமிருந்து வந்தது என்று நம்ப எனக்குக் காரணமில்லை. இரண்டாவது என்னைப் பற்றியது. கீழ்ப்படிகிற பழக்கம் இல்லாத கண்ணுக்கு இது தெரியாது. “அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனெவனோ” அவனே இந்த உபதேசம் தேவனால் உண்டானதா என்று அறிந்துகொள்ளுவான் என்றார் ஆண்டவர் (யோவான் 7:17). முதலில் தெரிந்துகொள்கிறேன், பிறகு செய்வதா வேண்டாமா என்று யோசிக்கிறேன் என்றுதான் நாம் பேரம் பேசுகிறோம். அந்த வரிசை அங்கே செல்லுபடியாவதில்லை.

மனதுக்குள் ஒரு எண்ணம் எழும்புகிறது. அது கர்த்தர் உணர்த்துவதா, என் ஆசையா?

நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

உடன் வேலை செய்கிற ஒருவர், நான் செய்த ஒரு பிழையை எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இரவு 11.30 மணி இருக்கும். பதில் தட்டினேன், ஏழு வரி. ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவர் போன மாதம் செய்த தவறும் அதில் தேதியோடு இருந்தது. அனுப்பப் போகும்போது “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்” (நீதிமொழிகள் 15:1) ஞாபகத்துக்கு வந்தது. அது வந்த வேகத்திலேயே இன்னொரு எண்ணமும் வந்தது: ‘உண்மையைச் சொல்லத் தயங்காதே, சத்தியம் உங்களை விடுதலையாக்கும்.’ அதுவும் வசனம்தான்! கட்டைவிரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

அன்றைக்கு இரண்டையும் பிரித்துக் காட்டியது ஒரே ஒரு விஷயம். இரண்டாவது எண்ணத்துக்குக் கூட்டம் தேவைப்பட்டது. அந்த உண்மையை அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லலாமே என்று யோசித்தவுடன், அதைச் சொல்வதில் எனக்கு இருந்த ஆர்வம் பாதியாகக் குறைந்துவிட்டது. அப்போது புரிந்தது, இதற்கு எஜமான் நான்தான் என்று. ஏழு வரியையும் அழித்துவிட்டு, “பிழை என்னுடையதுதான், காலையில் சரிசெய்கிறேன்” என்று அனுப்பினேன்.

உடனே இருதயத்தில் சமாதானம் பொங்கியது என்று எழுத ஆசைதான். பொங்கவில்லை. இரண்டு மணி வரை தூக்கமில்லாமல், இன்னும் நறுக்கென்று ஒரு வரியாவது சேர்த்திருக்கலாமோ என்று புரண்டுகொண்டிருந்தேன்.

அதனால்தான், “ஜெபித்தேன், மனதுக்குச் சமாதானமாக இருக்கிறது, ஆகவே இது தேவ சித்தம்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் தயக்கம். கர்த்தருடைய சமுகத்தை விட்டு ஓடின யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்துக்கு முழுமையாக ஒப்புக்கொடுத்த இயேசு கெத்செமனேயில் வியர்வை பெரும் துளிகளாய் விழ ஜெபித்தார். சமாதான உணர்வை மட்டும் வைத்து இந்த இருவரில் கீழ்ப்படிந்தவர் யார் என்று தீர்மானித்தால், யோனாதான் ஜெயிப்பான்.

வேறு எதை வைத்துப் பார்ப்பது? எழுதப்பட்ட வார்த்தைக்கு அது முரண்படுகிறதா என்பது முதல். அடுத்ததாக, எனக்கு என்ன செலவாகிறது, யாருக்கு லாபமாகிறது என்று பார்ப்பேன். கர்த்தருடைய ஏவுதல் எப்போதும் எனக்கு நஷ்டமாகத்தான் இருக்கும் என்பதல்ல; ஆனால் அது எப்போதும் எனக்குச் சாதகமாகவே வந்துகொண்டிருந்தால் சந்தேகப்படுவது நல்லது. கடைசியாக, அதை முதிர்ந்த ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பேன். கர்த்தர் இரவில் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேலே மூன்று தடவை ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடினான். கர்த்தருடைய குரலும் ஏலியின் குரலும் அவன் காதுக்கு ஒரே மாதிரி கேட்டிருக்கின்றன.

அடையாளம் கேட்கலாமா? வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் வைத்த வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா?

கர்த்தரிடம் அடையாளம் கேட்டுக் கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டது வழி தெரியாமல் அல்ல. “நீர் சொன்னபடி” என்றுதான் அவன் ஆரம்பிக்கிறான் (நியாயாதிபதிகள் 6:36). சொல்ல வேண்டியதைக் கர்த்தர் ஏற்கெனவே சொல்லியாயிற்று, அவனுக்குத்தான் பயம் போகவில்லை. அந்தப் பயத்தைக் கர்த்தர் பொறுத்துக்கொண்டார். அவர் பொறுத்துக்கொண்டதை நாம் ஒரு முறையாக ஆக்கிவிட்டோம். விரல் வைக்கிற பழக்கத்தைப் பற்றி: லேவியராகமத்தில் குஷ்டரோகப் பகுதி வந்தால் மூடிவிட்டு மறுபடி திறப்பீர்கள்தானே? அப்படியானால் தேர்ந்தெடுப்பது யார்?

“கர்த்தர் உங்களைப் பற்றி எனக்கு ஒன்று சொன்னார்” என்று ஒருவர் வருகிறார். என்ன செய்வது?

மரியாதையாகக் கேளுங்கள். அங்கேயே ஆமென் போட்டுவிடாதீர்கள்.

“தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்” என்று சொன்ன அதே மூச்சில் பவுல், “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). பவுலே அப்படித்தான் நடந்துகொண்டார். அகபு என்கிற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் இந்தக் கச்சைக்குச் சொந்தக்காரனை இப்படிக் கட்டுவார்கள் என்றான் (அப்போஸ்தலர் 21). தீர்க்கதரிசனம் சரியானதுதான். அதைக் கேட்டவர்கள் அழுது, போகாதீர் என்று வேண்டிக்கொண்டார்கள். அகபு சொன்ன செய்தியில் ‘போகாதே’ என்ற வார்த்தையே இல்லை; அது அவர்களுடைய அன்பு சேர்த்துக்கொண்டது. பவுல் போனார். தீர்க்கதரிசனம் மெய்யாகவே இருந்தாலும், தீர்மானம் எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இதற்கு எதிரான கதை 1 இராஜாக்கள் 13-இல் இருக்கிறது, வாசித்தால் வயிற்றைக் கலக்கும். போகிற இடத்தில் எதையும் சாப்பிடாதே, குடிக்காதே என்று கர்த்தர் ஒரு தேவமனுஷனுக்கு நேரடியாகச் சொல்லியிருந்தார். ஒரு வயதான தீர்க்கதரிசி வந்து, தேவதூதன் தன்னிடம் வேறு மாதிரி சொன்னதாகப் பொய் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போனார். அவன் நம்பினான், சாப்பிட்டான், வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. தான் ஏற்கெனவே அறிந்திருந்த வார்த்தையை, வயதையும் பதவியையும் பார்த்து விட்டுக்கொடுத்தான்.

ஆதிச் சபையாருக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. டிடாக்கே என்கிற பழைய கையேடு ஒன்று உண்டு, ‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’ என்று பொருள். அதன் கையெழுத்துப் பிரதி 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கிடைத்தது. ஊர் ஊராய் வருகிற அப்போஸ்தலர்களையும் தீர்க்கதரிசிகளையும் எப்படி நடத்துவது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். வருகிறவரைக் கர்த்தரைப்போல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இன்னொரு நாள். மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் மட்டும் கொடுங்கள். பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லிவிட்டு, அதில் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் அவரும் அப்படியே! எழுதினவர்கள் எத்தனை விருந்தாளிகளைப் பார்த்திருப்பார்களோ.

என்னிடம் ஒருவர், இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று கர்த்தர் உன்னைக் குறித்து உறுதியாகச் சொன்னார் என்றார். “அண்ணே, இன்னும் யாரிடமாவது இதைச் சொல்லி, அவர்களையும் ஜெபிக்கச் சொல்லலாமா?” என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

போதகரைக் கேள்வி கேட்டால், “அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே” என்கிறார்களே?

சங்கீதம் 105:15. “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்.” தயவுசெய்து மூன்று வசனம் மேலே போய் வாசியுங்கள். அபிஷேகம்பண்ணினவர்கள் என்று அங்கே சொல்லப்பட்டவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. “கொஞ்சத்தொகைக்குட்பட்ட சொற்ப ஜனங்களும் பரதேசிகளுமாயிருந்தார்கள்.” நிலமில்லாமல், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு தேசம் தேசமாக அலைந்தவர்கள். தொடாதே என்ற எச்சரிப்பு யாருக்கு? ராஜாக்களுக்கு. பலமில்லாதவனைப் பலவானிடமிருந்து காப்பாற்றச் சொன்ன வசனம் அது. மேடையும் ஒலிவாங்கியும் கணக்குப் புத்தகமும் கையில் இருக்கிறவர், எதுவும் இல்லாத ஒரு அக்காவின் வாயை அடைக்க அதை எடுக்கும்போது வசனம் தலைகீழாகிவிடுகிறது.

தன்னைக் கொல்லத் தேடின சவுல் ராஜாவைத் தாவீது தொடவில்லையே என்பார்கள். உண்மைதான். குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துக்கொண்டதற்கே அவன் மனது அடித்துக்கொண்டது. ஆனால் அதே தாவீது, சவுல் ஈட்டியை எறிந்தபோது அசையாமல் நின்று வாங்கிக்கொள்ளவில்லை. “விலகி இரண்டுதரம்” தப்பினான் (1 சாமுவேல் 18:11). பிறகு அரண்மனையை விட்டே ஓடினான். குகை வாசலில் நின்று, சவுலின் காதுபட, தனக்குச் செய்யப்படுகிற அநியாயத்தைச் சத்தமாகச் சொன்னான். பழிவாங்காமல் இருப்பது ஒன்று, வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு.

தாவீது ராஜாவான பிறகு பாவம் செய்தபோது தீர்க்கதரிசியாகிய நாத்தான் “நீயே அந்த மனுஷன்” என்றான். தாவீதும் அபிஷேகம்பண்ணப்பட்டவன்தான், ‘என்னைத் தொடாதே’ என்று சொல்லவில்லை. பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). பெரேயா பட்டணத்தார் பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; அவர்களை அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதின லூக்கா நற்குணசாலிகள் என்று மெச்சுகிறார்.

யோவான் 13-இல் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, நடுவில் மூச்சு விடாமல் வாசித்துப் பாருங்கள். பிதா தம்முடைய கையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்தார் என்று இயேசு அறிந்திருந்தார். எழுந்து, சீஷர்களின் கால்களைக் கழுவுவதற்காக ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டார். எல்லாம் கையில் வந்தபோது அந்தக் கை முதலில் எடுத்தது சீலையை. ஒரு ஊழியரிடம் நான் தேடுவது அந்தச் சீலையைத்தான். அவருடைய அழைப்பைப் பற்றிய சாட்சி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் சரி.

அப்படியானால் சபையில் யாருக்கும் கீழ்ப்படிய வேண்டியதில்லையா?

வேண்டும். முந்தின பதிலை வாசித்துவிட்டு உற்சாகமாகிவிட்டவர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். “உங்களை நடத்துகிறவர்கள்” உங்கள் ஆத்துமாக்களுக்காக விழித்திருக்கிறார்கள், உத்தரவாதம் சொல்லப் போகிறார்கள், ஆகவே அவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிறது எபிரெயர் 13:17. கடிந்துகொண்ட ஒவ்வொரு தடவையும் சபை மாறுகிற ஒருவரை எனக்குத் தெரியும். எல்லாப் போதகர்களும் அவரைக் காயப்படுத்திவிட்டார்கள். ஒருவராவது சரியாகச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லையா என்று கேட்டேன். இப்போது அவர் என்னோடும் பேசுவதில்லை.

கட்டுகிற அதிகாரமா, இடிக்கிற அதிகாரமா என்று பார்க்கலாம். தனக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது நிர்மூலமாக்குவதற்கல்ல, ஊன்றக் கட்டுவதற்கு என்று பவுல் கொரிந்தியருக்கு இரண்டு தடவை எழுதுகிறார் (2 கொரிந்தியர் 10:8, 13:10). கடிந்துகொண்ட பிறகு நீங்கள் தேவனிடம் நெருங்கிப் போகிறீர்களா, அல்லது அந்த மனிதருக்குப் பயந்து ஒடுங்கிப் போகிறீர்களா? ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டில் கணவருக்குத்தான் அதிகாரம் என்று வேதம் சொல்கிறது, இல்லையா?

மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5:22 எல்லாக் கணவர்களுக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனம், “தேவபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.” பிந்தின வசனங்கள், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூரச் சொல்கின்றன. மனைவிக்கு எழுதின வசனத்தை மனைவி வாசிக்கட்டும். கணவன் தனக்கு எழுதினதை வாசித்து முடித்தால், அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்க நேரம் இருக்காது.

அடியும் உதையும் நடக்கிற வீட்டில் இந்த வசனங்களைக் காட்டி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புகிறவர்கள் தேவனுடைய அதிகாரத்தைச் செலுத்தவில்லை. ஈட்டி பறக்கிறது என்றால் தாவீது செய்ததைச் செய்யலாம். விலகுங்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், சட்டத்தின் உதவி தேவையானால் கேளுங்கள். பவுலே “இராயனுக்கு அபயமிடுகிறேன்” என்றவர்தான் (அப்போஸ்தலர் 25:11).

மேலதிகாரி பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார். வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. தானியேல் முதலாம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள், சிங்கக் கெபிக்கு இன்னும் போக வேண்டாம். ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படுவதில்லை என்று தானியேல் இருதயத்தில் தீர்மானித்துவிட்டான். ஆனால் வெளியே அவன் அதைக் கோஷமாக்கவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான். அவர் தன் தலைக்கே ஆபத்து என்று பயந்தபோது, அந்தப் பயத்தை ஏளனம் செய்யாமல், விசாரணைக்காரனிடம் போய்ப் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழி சொன்னான்.

முதலில் வேறு வழியைச் சொல்லிப் பாருங்கள். “இப்படி எழுதினால் தணிக்கையில் நாம் இருவருமே மாட்டுவோம், இந்தத் தொகையை உள்ளபடியே காட்டிவிட்டு விளக்கம் எழுதலாமா?” என்று கேட்கலாம். ஆச்சரியமாக, பல நேரம் அது எடுபடுகிறது. சொன்னவருக்கே அதில் விருப்பம் இருந்திருக்காது. எடுபடாவிட்டால் எழுத முடியாது என்று சொல்லத்தான் வேண்டும், விளைவு வரத்தான் செய்யும். அதற்கு முன்பாக இன்னொன்று. தாமதமாக வந்து, அரைகுறையாக வேலை செய்து, சாப்பாட்டு நேரத்தை நீட்டுகிறவர் திடீரென்று மனச்சாட்சியைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அரசாங்கத்துக்கு எதுவரை கீழ்ப்படிவது?

ரோமர் 13 எழுதப்பட்டபோது ரோமில் ஆட்சியில் இருந்தவன், பின்னாளில் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தின நீரோ. ஆகவே ‘நல்ல அரசாங்கம் என்றால் மட்டும்’ என்று அந்த வசனத்தைச் சுருக்க முடியாது. வரி கட்டுங்கள், சட்டத்தை மதியுங்கள், அதிகாரிகளுக்காக ஜெபியுங்கள். அதே சமயம் அந்த அதிகாரம் கடனாகக் கொடுக்கப்பட்டது. தம்மை விசாரித்த ரோம ஆளுநன் பிலாத்துவிடம் இயேசு அதைத்தான் சொன்னார்: “பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால், என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது.” கொடுத்தவருக்கு எதிராகவே அது திரும்பும்போது, “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” (அப்போஸ்தலர் 5:29).

எகிப்தில் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன கட்டளையை முதலில் மீறினவர்கள் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள். யாத்திராகமம் அவர்கள் பெயரைச் சொல்கிறது, பார்வோனின் பெயரைச் சொல்லவில்லை. மிகவும் பிந்தின காலத்தில், 1934 மே மாதம், ஜெர்மனியில் பார்மென் என்ற இடத்தில் கூடிய சபைத் தலைவர்கள், நாம் கேட்டு நம்பிக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்து என்று அறிக்கை வெளியிட்டார்கள். ஞாயிறு பள்ளியில் சொல்கிற விஷயம்போல இருக்கிறது. ஹிட்லரின் ஆட்சியில் அதை எழுதிக் கையெழுத்திடுவது வேறு விஷயம்.

ஜெபத்தில் “கட்டளையிடுகிறேன்” என்று சொல்லி அதிகாரம் செலுத்தலாமா?

ஆண்டவர் சீஷர்களுக்கு அதிகாரம் கொடுத்தார், அதை நான் மறுக்கவில்லை. ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேரையும் மறக்க முடியாது. பிசாசு பிடித்தவனிடம் போய், பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரால் ஆணையிடுகிறோம் என்று ஆரம்பித்து, அவனிடமே அடிபட்டு நிருவாணமாய் ஓடினார்கள் (அப்போஸ்தலர் 19). வார்த்தைகள் சரியாகத்தான் இருந்தன. அந்தப் பெயருக்குக் கீழே அவர்கள் இல்லை. நூற்றுக்கு அதிபதிக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. மற்றபடி, பிசாசுக்குக் கட்டளையிடுகிற அதே தொனியில் பிதாவுக்கும் கட்டளையிடுகிற ஜெபங்களைக் கேட்டிருக்கிறேன். கெத்செமனேயில் அந்தத் தொனி இல்லை.

கீழ்ப்படிந்தேன். காரியம் தோல்வியாகத்தான் முடிந்தது. அப்படியானால் தவறாக அடையாளம் கண்டேனா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. அப்போஸ்தலர் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது ராஜா அப்போஸ்தலனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே அதிகாரத்தில், அதே ஏரோதின் சிறையிலிருந்து பேதுருவைத் தூதன் வெளியே கொண்டுவந்தான். இருவரும் ஒரே படகுத் தொழிலை விட்டு வந்தவர்கள், ஒரே ஆண்டவரைப் பின்பற்றினவர்கள். யாக்கோபு எங்கே தவறினான் என்று லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஏன் ஒருவன் தப்பினான், ஒருவன் தப்பவில்லை என்று அந்த சபையார் கேட்டிருப்பார்கள். பதில் அங்கே இல்லை. நஷ்டப்பட்டு நிற்கிறவரிடம் போய் ‘உங்கள் விசுவாசத்தில் எங்கோ குறை’ என்று சொல்கிறவர்களிடம் இந்த அதிகாரத்தைத்தான் காட்டுகிறேன்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

“பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்” என்பது தகப்பன்மாருக்கு (கொலோசெயர் 3:21). ஒரு நாள் என் மேஜையில் இருந்த காகிதங்கள்மேல் தண்ணீர் கொட்டியிருந்தது. மகளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவள் நான் இல்லை என்றாள், பொய் வேறு சொல்கிறாயா என்று இன்னும் சத்தம் போட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது, மூடியைச் சரியாகத் திருகாமல் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தது நான்.

அவள் அறைக்குப் போய், “பாப்பா, தப்பு அப்பாவோடது. என்னை மன்னிச்சிடு” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

“அம்மா போய்க் கேட்கச் சொன்னாங்களா?”

“இல்லம்மா.”

“அப்போ உங்களை யாரு சொல்லச் சொன்னது?”

நூற்றுக்கு அதிபதியிடமிருந்து ஆரம்பித்தேன். ஏழு வயசுக்குப் புரிகிற மாதிரி சொல்லி முடிக்க வெகு நேரமாகிவிட்டது.